பாவை கற்பித்த பரிவு

வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழுவினர் பணித்தபோது, தலைவர்களின் வாழ்க்கையையோ கோயில் நுழைவுப் போராட்டங்களையோ பற்றித்தான் எழுதுவோம் என்று அன்பர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றை நம்மினும் நன்கு எழுத வல்லார் இம்மலரிலேயே உளர். நாம் எடுத்துக்கொண்டது எவரும் எழுதத் தயங்கும் ஓர் அறையின் வரலாறு. நம் தாய்மார் நம்மைப் பெற்றெடுத்த அறை அது.

இப்பொருளை நமக்குத் தந்தவர்கள் நம் பெண்மக்களே. சங்கத்தின் உதவி பெற்றுப் படித்தோருள் செவிலியர் கல்விக்குச் சென்றோர் பலர். சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறைக்கு ஊர் வந்த மாணவியர் சிலர், தங்கள் வகுப்பில் நடந்த ஒரு பயிற்சியைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தனர். ஒருத்தி வயிற்றில் பை போன்ற ஒரு கருவியைக் கட்டிக்கொண்டு பிள்ளை பெறுபவளாக நடிக்க வேண்டும். மற்றவர்கள் பேறு பார்க்க வேண்டும். பையினுள்ளே பொம்மைக் குழந்தை இருக்கும், நஞ்சுக்கொடியும் இருக்கும், குழாயைத் திறந்துவிட்டால் குருதி போன்ற செந்நிற நீர் பெருகும். கேட்டு நாமும் சிரித்தோம். பின்னர் அவர்களுள் ஒருத்தி கூறியது நம் சிரிப்பை நிறுத்திற்று. அவள் தாயாக நடித்தபோது உடன் பயிலும் மூவர் அவளைச் சூழ்ந்து நின்று அவளைப் பற்றியே பேசினராம். அவளிடம் ஒரு சொல்லும் பேசவில்லையாம். மேலே போர்த்திய துணி விலகிக் கிடந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. கதவு திறந்தே இருந்தது. உள்ளே முழு உடை உடுத்தியிருந்தும் தனக்கு உடல் கூசிற்று என்றாள். அந்தக் கூச்சத்தைக் கற்பிப்பதற்காகவே அப்பயிற்சி வகுக்கப்பட்டது என்று ஆசிரியை பின்னர் விளக்கினாராம்.

மருத்துவம் கற்பவர் முதலில் கூச்சத்தைக் கற்க வேண்டும் என்பது நமக்குப் புதிய செய்தியாக இருந்தது. அது எங்கிருந்து வந்தது, அதற்கு முன் எவ்வாறு கற்றனர், யாரிடத்துக் கற்றனர் என்று தேடிச் சென்றோம். தேடிய வழியெங்கும் நம் போன்றாரே நின்றுகொண்டிருந்தனர்.

யார் உடலில் கற்றனர்?

பிள்ளைப்பேறு பார்க்கும் கலை நெடுங்காலம் பெண்டிரிடமே இருந்தது. தாய் மகளுக்கும், மூத்தவள் இளையவளுக்கும் அருகில் நின்று பழக்கினாள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் ஆண் மருத்துவர்கள் இத்துறையில் புகுந்தனர். அவர்கட்கு ஓர் இடர் நேர்ந்தது: எங்கே பயில்வது? செல்வர் வீட்டுப் பெண்கள் தம் அறைக்குள் மாணவர் கூட்டத்தை விடுவார்களா?

இலண்டனில் வில்லியம் ஸ்மெல்லி என்னும் மருத்துவர் 1740-களில் இதற்கு இரண்டு வழிகளைக் கையாண்டார். ஒன்று, மெய்யான எலும்புகளின்மேல் தோல் போர்த்திச் செய்த பொறி. அதில் பொம்மைக் குழந்தையை வைத்து வெளியில் எடுக்கும் முறைகளை மாணவர்க்குக் காட்டினார். மற்றொன்று, ஏழைப் பெண்களுக்குக் கூலியின்றிப் பேறு பார்ப்பது. அதற்கு ஈடாக மாணவர்கள் அருகிருந்து பார்க்க அப்பெண்கள் இசைய வேண்டும். கட்டணம் செலுத்தியவர் மாணவர். விலையாகத் தன் மறைவைக் கொடுத்தவள் ஏழைத் தாய். இந்தப் பண்டமாற்றினை நாம் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். உலகெங்கும் போதனா மருத்துவமனைகள் எழுந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

பிரான்சு நாட்டில் வேறொரு காட்சி. ஆஞ்சலிக் து கூத்ரே என்னும் அம்மையார் 1740-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் மருத்துவச்சியாக உரிமம் பெற்றவர். நாட்டுப்புறப் பெண்கள் எழுத்தறியாதவர்கள். நூல் கொடுத்துப் பயனில்லை என்று கண்ட அவர், துணியும் தோலும் பஞ்சும் கொண்டு பெண்ணின் இடுப்பளவான ஓர் உருவை அமைத்தார். உள்ளே நீர் தோய்ந்த கடற்பஞ்சுகளை வைத்து, வேண்டும்போது பனிக்குட நீரும் குருதியும் கசிவது போலக் காட்டினார். குழந்தைப் பொம்மைக்கு வாயும் நாக்கும் இருந்தன. தலைகீழாய் வராத பிள்ளையை வெளியேற்றுகையில் வாய்க்குள் விரலிடும் முறையைப் பழக்குதற்கு அவை வேண்டியிருந்தன. 1759-இல் பதினைந்தாம் லூயி மன்னர் நாடெங்கும் சென்று கற்பிக்குமாறு அவருக்கு ஆணை வழங்கினார். 1783 வரை ஊர் ஊராகச் சென்று ஆயிரக்கணக்கான எளிய பெண்களுக்குக் கற்பித்தார். அரசன் ஆணையோடு ஒரு பெண்மணி, உழவர் வீட்டுப் பெண்களை வகுப்பில் அமர்த்தி, கையால் தொட்டுத் தொட்டுப் பழகச் செய்தார் என்பது அக்காலத்தை எண்ணிப் பார்க்கையில் சிறிய செய்தி அன்று.

அவர் செய்த உருக்களுள் ஒன்று இன்றும் ரூவான் நகரத்து அருங்காட்சியகத்தில் உள்ளது. அதனை ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தபோது, துணிக்குள்ளே இருப்பது இளம்பெண் ஒருத்தியின் உண்மையான இடுப்பெலும்பு என்பது தெரியவந்தது. யார் அவள்? பெயர் இல்லை. உயிருள்ள தாய்மாரை விடுவிக்க வந்த பாவைக்குள்ளும் பெயரற்ற பெண்ணொருத்தியே கிடக்கிறாள்.

அடுத்த நூற்றாண்டில் அமெரிக்க நாட்டில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. மகளிர் மருத்துவத்தின் தந்தை என்று நெடுங்காலம் போற்றப்பட்ட மாரியன் சிம்ஸ், 1845 முதல் 1849 வரை அலபாமா மாநிலத்து மாண்ட்கமரி நகரில், அடிமைகளாயிருந்த கறுப்பினப் பெண்களின் உடலில் திரும்பத் திரும்ப அறுவை செய்து தம் முறையைக் கண்டறிந்தார். மயக்க மருந்து தரப்படவில்லை. அனார்க்கா, பெட்சி, லூசி என்னும் மூவரின் பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைக்கின்றன. அனார்க்காவுக்கு மட்டும் 30 முறை அறுவை நடந்தது. நியூயார்க் நகரப் பூங்காவில் நின்ற சிம்ஸின் சிலை 2018-இல் அகற்றப்பட்டது. அவர் கண்ட முறையால் பிற்காலத்தில் எண்ணற்ற பெண்கள் நலம் பெற்றனர் என்பதும் உண்மையே. அந்நலத்திற்கு இம்மூவரும் இசைவு கேட்கப்படாமலே விலை கொடுத்தனர் என்பதும் உண்மை. ஒன்று மற்றொன்றை அழித்துவிடாது.

மறைவுக்கும் சாதி உண்டு

இனி நம் நாட்டிற்கு வருவோம். சென்னையில் அரசினர் பேறுகால மருத்துவமனை 1844-இல் தொடங்கப்பெற்றது. எழும்பூரில் இன்றுள்ள மகளிர் குழந்தைகள் மருத்துவமனை அதன் வழிவந்ததே. 1854-இல் அங்கே மருத்துவச்சியர் பயிற்சிப் பள்ளிக்கு அரசு இசைவு தந்தது. இந்நாட்டில் முறையான பேறுகாலக் கல்வியின் தொடக்கம் இது எனலாம். தொடக்க நாட்களில் அம்மருத்துவமனையை நாடியோர் ஏழை எளியவரே. சாதி இந்துக் குடும்பங்களும் கோஷா முறையைக் கைக்கொண்ட இசுலாமியக் குடும்பங்களும் தம் பெண்களைப் பொதுக் கூடத்திற்கு அனுப்ப மறுத்தன. ஆகவே மாணவர் பயின்றது யாரிடம் என்று நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

உயர்குலப் பெண்கள் மருத்துவம் இன்றி மடிகின்றனர் என்னும் கவலை பின்னர் எழுந்தது. கவலை நியாயமானதே. 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களுள் ஒருவரான மேரி ஷார்லீப் அம்மையார், மேற்படிப்பு முடித்து மீண்டும் சென்னைக்கு வந்து, 1885-இல் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை தொடங்கக் காரணமாயிருந்தார். அதன் பெயரை வாசகர்கள் ஒருமுறை நின்று படிக்க வேண்டும்: 'சாதிப் பெண்டிர்க்கும் கோஷாப் பெண்டிர்க்குமான விக்டோரியா மருத்துவமனை.' திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று இன்று நாம் அறிவது அதுவே. இன்று அங்கே எல்லாப் பெண்களும் செல்கின்றனர். ஆயின் தோன்றிய நாளில், திரையும் தனியறையும் பெண் மருத்துவரும் யாருக்கு உரியவை என்பதைப் பெயர்ப்பலகையே சொல்லிற்று.

அம்மையாரைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. அவர் காலத்துச் சமுதாயம் மறைவு என்பதை மானமுள்ள குலத்தாரின் உடைமையாகவே கருதிற்று. வயலில் முழங்காலளவு சேற்றில் நின்று நாற்று நட்டவளுக்கு மறைவு எதற்கு என்று அது எண்ணிற்று. மறைவு வேண்டும் என்பது பெண்ணாய்ப் பிறந்த எவளுக்கும் உள்ள உணர்ச்சி என்பதனை ஒப்புக்கொள்ள அதற்கு இன்னும் நூறாண்டு தேவைப்பட்டது.

வேலூர் மருத்துவமனையின் தோற்றக்கதையும் இவ்வழியே செல்வது. 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண்ணிடம் வந்து, பேறுகால இடரில் தவிக்கும் தம் மனைவியரைக் காக்க வருமாறு வேண்டினர். மருத்துவரான அவர் தந்தையை அழைத்துச் செல்ல மூவரும் மறுத்தனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர் என்பது பலரும் அறிந்த செய்தி. அந்த இரவே அவரை மருத்துவராக்கிற்று. 1909-இல் செவிலியர் பள்ளியையும் 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் வேலூரில் அவர் தொடங்கினார். ஆண் மருத்துவர் வேண்டா என்று சொல்லும் உரிமை அவ்வீட்டாருக்கு இருந்தது; அவ்வுரிமையே உயிரையும் பறித்தது. அந்நாளில் நம் தெருக்களுக்கு ஆண் மருத்துவரும் வந்தாரல்லர், பெண் மருத்துவரும் வந்தாரல்லர். மறுப்பதற்கு எதுவும் கைவசம் இருக்கவில்லை.

பழி சுமந்த கைகள்

நம் தெருக்களில் யார் பேறு பார்த்தனர்? ஊர்ப்பகுதியில் நாவிதர் குலத்துப் பெண்மணியே மருத்துவச்சி. அவ்வம்மையார் காலனிக்குள் வருவது வழக்கமில்லாத ஊர்களில் நம் குடும்பத்து மூத்த பெண்டிரே அப்பணியைச் செய்தனர். உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு குந்தியிருந்து பெற்ற தாய்மார் உண்டு. விளக்கெண்ணெயும் வெந்நீரும் பழந்துணியும் கருவிகள். ஆண்கள் தெருமுனைக்கு அப்பால் போய்விட வேண்டும், சிறுவரை விரட்டிவிடுவார்கள், வாசலில் ஒரு சேலையைக் குறுக்கே கட்டுவார்கள். ஒற்றை அறைக் குடிசையில் அந்தச் சேலையே திரை. மறைவு என்பதன் இலக்கணத்தை அந்தக் கிழவிகள் எந்தப் பள்ளியிலும் கற்கவில்லை.

அவர்கள் கையில் தாயும் சேயும் மாண்டதும் உண்டு. தூய்மை பற்றிய அறிவு எட்டாத இடத்தில் கொப்பூழ்க்கொடியை அறுத்த கருவியே குழந்தைக்கு எமனாய் அமைந்தது. இதனை மூடி மறைத்தல் வரலாறு ஆகாது. 1903-இல் கர்சன் சீமாட்டியார் நிதி திரட்டி நாட்டு மருத்துவச்சியருக்குப் பயிற்சியளிக்க முற்பட்டது பாராட்டத்தக்கதே. ஆனால் 1927-இல் வெளிவந்த காதரின் மேயோவின் 'இந்திய மாதா' போன்ற நூல்கள், தீண்டப்படாத குலத்து மருத்துவச்சியின் அழுக்குக் கைகளையே உலகுக்குக் காட்டின. அந்நூலை மறுத்து எழுதியோர் பலர். அவருள்ளும் அந்தக் கைகள் ஏன் அழுக்காயின என்று கேட்டோர் சிலரே. பேற்றுக் குருதி தீட்டு என்று விதித்தவர் ஒருவர். அத்தீட்டைத் தொட்டுத் துடைக்குமாறு பணிக்கப்பட்டவர் மற்றொருவர். துடைத்தமையால் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவரும் அவரே. நல்ல கிணற்றில் நீர் எடுக்க விடாமல், கை கழுவவில்லை என்று குற்றஞ்சாட்டிய உலகம் அது.

நம் வட்டாரம்

மதுரை மாவட்டத்தோடு இருந்து 1985-இல் தனி மாவட்டமான நம் திண்டுக்கல் பகுதிக்கு இத்துறையில் ஒரு சிறப்பு உண்டு. டாக்டர் டி. எஸ். சௌந்தரம் அம்மையாரும் அவர்தம் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் சின்னாளபட்டியை அடுத்துக் காந்திகிராமத்தை நிறுவினர். டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகளாய்ப் பிறந்து, இளமையிலே கணவரை இழந்து, பின் மருத்துவம் பயின்று, காந்தியடிகள் வாழ்த்தோடு வேறு குலத்தவரை மணந்தவர் அவ்வம்மையார். கஸ்தூரிபா மருத்துவமனை அங்கு வளர்ந்தது. 1959-இல் ஆத்தூர் ஒன்றியத்தில் முன்னோடி உடல்நலத் திட்டம் தொடங்கியது. 1964-இல் கிராம உடல்நலத்திற்கென நிறுவனமே அமைந்தது. ஊர் ஊராய்ச் சென்று தாய் சேய் நலம் பேணும் பணியாளர் பலர் அங்கே பயின்றனர்.

நம் ஒட்டன்சத்திரத்தில், 1955-ஆம் ஆண்டில், டாக்டர் ஏ. கே. தரியன், டாக்டர் ஜேக்கப் செரியன் ஆகியோர் கிறித்தவ ஐக்கிய மருத்துவமனையைத் தொடங்கினர். காய்கறிச் சந்தைக்கும் முருங்கைக்கும் பெயர்பெறுவதற்கு முன்பே இவ்வூர் மருத்துவத்திற்குப் பெயர் பெற்றது என்று முதியோர் சொல்வர். பழனிச் சாலையில் மாட்டுவண்டியில் தாய்மாரைக் கிடத்தி இரவோடிரவாகக் கொண்டுவந்த கதைகளை நம் வீடுகளிலும் கேட்டிருக்கிறோம். செவிலியர்க்குப் பயிற்சி தரும் பணியும் அங்கு வேரூன்றிற்று. நம் பகுதிப் பெண்மக்கள் வெள்ளுடை அணியலாம் என்னும் எண்ணம் பலர்க்கு உதித்தது அவ்வளாகத்தைக் கண்ட பின்னரே.

அதே 1955-ஆம் ஆண்டு மற்றொன்றிற்காகவும் நினைவுகூரத்தக்கது. தீண்டாமைக் குற்றச் சட்டம் நடப்பிற்கு வந்த ஆண்டு அது. 1976-இல் திருத்தப்பெற்று, குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியது. அதன் ஐந்தாம் பிரிவை நம் இளைஞர்கள் அவசியம் படிக்க வேண்டும். தீண்டாமை காரணமாக ஒருவரை மருத்துவமனையில் சேர்க்க மறுப்பது குற்றம். அதனோடு நில்லாமல், சேர்த்துக்கொண்ட பின் அவரை வேறுபாடாக நடத்துவதும் குற்றம் என்கிறது. சட்டம் எழுதியோர் வாயிலில் மட்டும் நிற்கவில்லை. கட்டிலருகிலும் வந்து நின்றனர்.

கட்டிலருகில் நடந்தது யாது? நம் உறுப்பினர் ஒருவரின் தாயார் கூறியதை இங்குத் தருகிறோம். இடத்தின் பெயர் வேண்டா. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையில் அவர் பேற்றுக்காகச் சேர்க்கப்பட்டார். அந்தக் கூடத்தில் நடமாடும் திரை ஒன்றே ஒன்று. அடுத்த கட்டிலில் ஊர்ப் பெரிய வீட்டுப் பெண். திரை இரவு முழுவதும் அந்தக் கட்டிலருகிலேயே நின்றது. ஒருவரும் வைதாரில்லை, ஒருவரும் சாதி கேட்டாரில்லை, மருந்தில் குறையில்லை, குழந்தையும் நலமாய்ப் பிறந்தது. பயிற்சிக்கு வந்த இளைஞர்கள் மட்டும் ஒருவர்பின் ஒருவராக அவரிடமே வந்து பார்த்துச் சென்றனர். புகார் எழுதுவதற்கு அதில் என்ன இருந்தது? அந்த அம்மையார் அதன்பின் இரண்டு பிள்ளைகளை வீட்டிலேயே பெற்றுக்கொண்டார். இரண்டாவது தங்கவில்லை.

மருத்துவமனைக்கு வர மறுக்கும் மக்களை அறியாமையில் உழல்பவர் என்று சொற்பொழிவாளர் குறை கூறுவதை நாம் எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறோம். அந்த இரவையும் அவர்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டதில்லை.

பாவை மீண்டும் வந்தது

து கூத்ரே அம்மையாரின் பாவை அவர் காலத்தோடு பெரிதும் மறைந்தது. மருத்துவமனைகள் பெருகப் பெருக, ஏழைத் தாய்மார் தாமே வந்து சேர்ந்தமையின், பாவைக்குத் தேவையில்லாமற் போயிற்று. இடுப்பளவு உருக்கள் பள்ளிகளில் இருந்தன. ஆயினும் அவை கைத்திறன் பழக்குதற்கே. அந்த உருவுக்குத் தலை இல்லை. தலை இல்லாத ஒன்றிடம் எவரும் பெயர் கேட்பதில்லை. வலிக்கிறதா என்று வினவுவதில்லை. கால் இரண்டும் இடுப்பும் மட்டுமே பெண் என்று பழகிய மாணவி, உயிருள்ள பெண்ணிடத்தும் அவ்வாறே நடந்துகொண்டாள் எனில் வியப்பென்ன?

நார்வே நாட்டில் லேர்டால் என்னும் பொம்மை செய்யும் நிறுவனத்தார் 1960-இல் மூச்சு மீட்கும் பயிற்சிக்கென ஓர் உருவைச் செய்து வெளியிட்டனர். அந்த நிறுவனமே ஐம்பதாண்டுகளுக்குப் பின் 'மாமா நடாலி' என்னும் கருவியைக் கொண்டுவந்தது. நம் மாணவியர் சொன்ன பை அதுவே. உயிருள்ள ஒருவர் அதனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் நுட்பம். கைகள் உள்ளே மறைந்து குழந்தையை மெல்லத் தள்ளும். முகம் வெளியே இருக்கும். முகம் இருப்பதால் அழும், அஞ்சும், கேள்வி கேட்கும், கோபிக்கும். விலை மலிவு, மின்சாரம் வேண்டா. ஏழை நாடுகளுக்கென்றே செய்யப்பட்டது. பிரான்டோ என்னும் அமைப்பு மெக்சிகோவில் தொடங்கிய முறையில், நடிப்பவர் தைத்த கால்சட்டை ஒன்றை அணிந்து அதன் வழியே குழந்தையைப் 'பெறுவார்'. 2010-களின் நடுவில் இம்முறை பீகார் மாநிலத்திற்கு வந்தது. பயிற்சி பெற்ற செவிலியரே ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு நேரில் சென்று, அங்குள்ள பேற்று அறையிலேயே, அங்குப் பணிபுரியும் செவிலியரைக் கொண்டு நாடகம்போல் நடத்தினர். நடித்து முடித்ததும் அனைவரும் அமர்ந்து பேசுவார்கள். யார் தவறினார் என்று பேசுவதில்லை. தாயாக இருந்தவருக்கு என்ன தோன்றிற்று என்று கேட்பார்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2014-இல், மருத்துவமனைப் பேற்றின்போது பெண்கள் இழிவாக நடத்தப்படுவதை ஒழிக்க வேண்டும் என்று அறிக்கை விடுத்தது. அடித்தல், ஏசுதல், இசைவின்றித் தொடுதல், மறைவு காவாமை, பாகுபாடு, கவனியாது விட்டுவிடுதல் ஆகியவை மட்டுமன்றி, பணம் கட்டாதவரை வெளியே விடாது நிறுத்தி வைத்தலும் இவ்விழிவுகளுள் ஒன்றாக ஆய்வாளரால் எண்ணப்பட்டது. நம் அரசு 2017-இல் தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டம் பேற்று அறையில் திரைகளையும் உடன் இருக்கத் துணைவரையும் வேண்டிற்று. துணைவர் முறையைத் தமிழ்நாடு 2004-லேயே அரசு மருத்துவமனைகளில் கொண்டுவந்தது என்பதை நாம் பெருமையோடு குறிப்பிடலாம். 2021-இல் இந்திய செவிலியர் குழு வகுத்த பட்டப்படிப்புப் பாடத்திட்டத்தில், பாவனைப் பயிற்சியும் மதிப்போடு கூடிய பேறுகாலப் பராமரிப்பும் இடம்பெற்றன.

தமிழ்நாட்டில் இன்று 100 பேறுகளுள் 99-க்கு மேல் மருத்துவமனையிலேயே நிகழ்கின்றன என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. நம் தெருக்களிலும் கயிறு கட்டிய உத்தரங்கள் இல்லை. அந்தக் கிழவிகளும் இல்லை. ஆகவே கேள்வி இடம் மாறிவிட்டது. மருத்துவமனைக்கு வந்தாளா என்று கேட்ட காலம் போயிற்று. வந்தவளுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கும் காலம் இது.

பாவனைப் பயிற்சி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நாம் நம்பவில்லை. தாயாக நடிப்பவள் அரைமணி நேரத்தில் பையை அவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போகலாம் என்பதை அறிவாள். உண்மைத் தாய்க்கு அந்த விடுதலை இல்லை. ஒரு செவிலி பல கட்டில்களைப் பார்க்கும் இரவில், வகுப்பில் கற்ற பரிவு எவ்வளவு நேரம் நிற்கும் என்பதும் ஐயத்திற்குரியதே. திரை வாங்கப் பணம் ஒதுக்காத நிர்வாகம், திரையை இழுத்துவிடக் கற்றுக்கொடுப்பதால் ஆவது யாது? இவையெல்லாம் உண்மை. எனினும் ஒன்று மட்டும் மாறியுள்ளது. முதன்முதல் தவறுவதற்கும் தடுமாறுவதற்கும் ஏழைத் தாயின் உடல் வேண்டியதில்லை. தவறுகளைப் பாவை தாங்கிக்கொள்கிறது. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்னரே இலண்டனில் நடந்த அந்தப் பண்டமாற்று அந்த அளவுக்கு முறிந்திருக்கிறது.

நம் மாணவி கூறிய மற்றொரு செய்தியையும் இங்கே எழுதிவிடுகிறோம். அடுத்த முறை அவள் தாயாக நடிக்கவில்லை. நோயர் குறிப்புத் தாள் எழுதும் பணி அவளுக்கு வந்தது. வயது, எத்தனையாவது பேறு, வலி தொடங்கிய நேரம் ஆகியவை மட்டுமே அத்தாளில் வழக்கமாக இருக்கும். அவள் பெயர் ஒன்றை எழுதினாள். முகவரி என்று தானே ஒரு வரி சேர்த்து, ஒட்டன்சத்திரத்தை அடுத்த ஊர் ஒன்றின் பெயரையும் அதன்பின் 'காலனி' என்ற சொல்லையும் எழுதினாள். வேறு எதனையும் மாற்றவில்லை. தாளை வாங்கிப் படித்த மாணவியர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனராம். ஆசிரியை அந்த வரியை அடிக்கவில்லை. அப்படியே தொடங்குங்கள் என்றார். பேறு முடிந்து அமர்ந்து பேசியபோது, மணி அடித்த பின்னும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.